மதிப்பிற்குரிய நிரல் அவர்களுக்கு

ஒரு பாத்திரத்தில் இன்னும் எவ்வளவு கொள்ளும் என்று தெரிந்துகொள்ள எளிய வழி, எட்டிப் பார்ப்பது. எங்கள் மன்ஸூராவில் கரும்புச்சாறு பிழிபவர் குவளையைப் பார்த்துக்கொண்டேதான் ஊற்றுகிறார். நுரை விளிம்பைத் தொட்டதும் கையை நிமிர்த்துகிறார். கணினி மேகத்திலும் சங்கதி இவ்வளவுதான். கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும் மேகம் எதுவானாலும் ஒரு நிரல் அதனிடம் ஒரே வரியில் கேட்கலாம்: மொத்தம் எவ்வளவு, மீதி எவ்வளவு? மேகம் இரண்டு எண்களைத் திருப்பித் தரும். மீதி குறைவாக இருந்தால் நிரல் நம்மை எச்சரிக்கும். நிறைய இருந்தால் பேசாமல் தன் வேலையைப் பார்க்கும். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுகிற இந்த உரையாடலைப் போல அழகான உரையாடல் உலகில் குறைவு. கேட்பவர் தெளிவாகக் கேட்கிறார், சொல்பவர் கேட்டதை மட்டும் சொல்கிறார். இதை ஒரு முறை வியந்து என் மனைவி ஸனாவிடம் சொன்னேன்.

"அந்த மேகத்தையே கட்டியிருக்கலாமே, யாரு தடுத்தா?" என்றாள்.

மன்ஸூராவில் ஒரு இனிப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். திருமணங்களைப் பதிவு செய்யும் மஃதூன்களுக்கு நாங்கள் நிரல் எழுதிக் கொடுக்கிறோம். மணமகன், மணமகள், சாட்சிகள் ஆகியோரின் அடையாள அட்டைப் படங்கள், மருத்துவப் பரிசோதனைச் சான்று, பெருவிரல் ரேகை எல்லாவற்றையும் மஃதூன் தன் கைக்கணினியில் ஏற்றுவார். அவை கெய்ரோவில் இருக்கும் 'மேகங்களுக்கான உயர் ஆணையம்' எங்கள் மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய சேமிப்பிடத்துக்குப் போய்ச் சேரும். சேர்ந்தால்தான் திருமணம். சேராவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் எவ்வளவு அலங்காரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும் அரசின் கண்ணில் அவர்கள் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் இரண்டு பேர், அவ்வளவுதான்.

பெருநாள் முடிந்து திருமணக் காலம் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் திருமணம் என்றால் வியாழக்கிழமை. அந்த வார வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கவிருந்த திருமணங்களில் ஒன்று, எங்கள் அலுவலகத்தின் மிகச் சிறந்த நிரலாளர் இப்திஹாலுடையது. மாப்பிள்ளை ஹைதம் சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். அவன் கப்பல் சனிக்கிழமை போர்ட் சயீதிலிருந்து புறப்பட்டால் திரும்பி வர அடுத்த பெருநாள் ஆகிவிடும். ஏற்கெனவே ஒரு முறை கப்பல் வரத் தாமதமாகித் திருமணம் தள்ளிப்போயிருந்தது. இன்னொரு முறை தள்ளிப்போனால், தான் நிச்சய மோதிரத்தைக் கழற்றி மீனுக்குப் போட்டுவிடுவதாக இப்திஹால் அறிவித்திருந்தாள்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முன்ஜாக்கிரதையாக அவள் அந்த ஒரு வரியை எழுதினாள். ஒவ்வொரு திருமணத்தையும் ஏற்றுவதற்கு முன் எங்கள் நிரல் மேகத்திடம், "மீதி எவ்வளவு?" என்று கேட்கும். நான்தான் அப்படிக் கேட்கச் சொன்னேன். முறை அதுதான்.

கண்ணிமைப்பதற்குள் பதில் வரவில்லை. நாங்கள் தேநீர் குடித்து முடித்த பிறகு வந்தது. வந்தது இரண்டு எண்கள் இல்லை, ஒரு கடிதத்தின் படம்.

'மதிப்பிற்குரிய நிரல் அவர்களுக்கு, தங்கள் மீது அமைதி உண்டாவதாக. தங்களின் மேலான வினவல் கிடைக்கப்பெற்றோம். மீதமுள்ள இடம் எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தாங்களும் அதைத் தெரிந்துகொள்ள விரும்பும் பட்சத்தில், அசல் அடையாள அட்டையுடன் நேரில் வரவும்.'

கீழே நீல மையில் கழுகு முத்திரை. எங்கள் நாட்டில் கழுகு முத்திரை இல்லாத தாள் மீன் பொட்டலம் கட்டத்தான் உதவும். அது இருக்கும் தாளை எதிர்த்து எவரும் எதுவும் செய்ய முடியாது.

"உஸ்தாத் லுத்ஃபி, நம்ம புரோகிராமுக்கு லெட்டர் வந்திருக்கு" என்றாள் இப்திஹால்.

"பதில் போட்டுடு."

"நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

"யாரை?"

"புரோகிராமை."

திங்கட்கிழமை நானும் அவளும் ரயிலேறி கெய்ரோ போனோம். வெறுங்கையோடு அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்பதால் கீழ்க் கடையிலிருந்து ஒரு பெட்டி பஸ்பூஸா இனிப்பு வாங்கிக்கொண்டேன். ஆணையத்தின் கட்டடம் மிக உயரம். மேகத்தோடு தொடர்புள்ளது என்பதைக் காட்டவோ என்னவோ, அதில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. வினவல் வரவேற்புப் பிரிவில் மதாம் இன்ஆம் மேசைமேல் செய்தித்தாளை விரித்து, மதியச் சமையலுக்காகச் சுரைப் பிஞ்சுகளைக் குடைந்துகொண்டிருந்தார்.

"வா ஹபீப்தி, வா கண்ணு, உக்காரு. புரோகிராம் எங்க?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு மதாம்."

"கூட்டிட்டு வரலையா? உடம்பு சரியில்லையா?"

"அதுக்கு உடம்பே இல்ல."

"அடப் பாவமே" என்று மதாம் குடைவதை நிறுத்தினார். "அப்போ மருத்துவச் சான்று வைக்கணும். சரி போகட்டும், அதுக்கு வயசு என்ன?"

"நாலு வருஷம் முன்னாடி எழுதினோம்."

"நாலு வயசா? மைனர்! மைனர் புள்ளையத் தனியா உயர் ஆணையத்துக்கு லெட்டர் எழுத விட்டிருக்கீங்களே, இதுதான் மன்ஸூராக்காரங்க வளர்க்கிற லட்சணமா? கார்டியன் யாரு?"

"நான்தான் எழுதினேன் மதாம். என் கையால."

"அப்போ நீ அம்மா. அம்மா கையெழுத்து இந்த ஜன்னல்ல செல்லாது. அப்பா யாரு?"

இப்திஹால் என்னைப் பார்த்தாள். ஒரு நிரல் எப்படி உருவாகிறது என்பதை யாராவது கேட்டால் என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. "எழுதினது இவங்க. ஆனா எழுதறதுக்கு முன்னாடி ஒரு கட்டமைப்பு வேணும் பாருங்க. எது எங்க இருக்கணும், எது எதோட பேசணும்னு படம் வரைஞ்சு குடுத்தது நான்தான். விதை மாதிரி அது—"

"புரிஞ்சுது" என்றார் மதாம். "அப்பா லுத்ஃபி அப்துல் பாரி. அம்மா இப்திஹால்." என் அடையாள அட்டையை நகலெடுத்தார், ஒட்டினார், குடிமைப் பதிவேட்டோடு இணைத்தார், கழுகு முத்திரையை ஓங்கிக் குத்தினார். பிறகு பிள்ளை பெற்றவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "ஆண்டவன் உங்களுக்காக அதைக் காப்பாத்தி வைக்கட்டும்."

அன்று மாலை ஸனாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"ரெண்டு போதாதுன்னு மூணாவதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"அது நிரல் ஸனா."

"சொன்ன பேச்சு கேக்குமா?"

"ஒரு எழுத்து பிசகாம கேக்கும்."

"அப்போ நிச்சயமா உங்க புள்ள இல்ல."

செவ்வாய்க்கிழமை பதில் வந்துவிட்டது. அப்பா பெயர் இருந்ததால் இம்முறை மரியாதை கூடியிருந்தது. 'மீதமுள்ள இடம்: போதுமானது' என்று எழுதியிருந்தார்கள்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. நிரலுக்கு ஓர் எண்ணோடு இன்னோர் எண்ணை ஒப்பிடத் தெரியும். ஆயிரம் பெரிதா ஐந்நூறு பெரிதா என்று கேட்டால் உடனே சொல்லிவிடும். போதுமானது பெரிதா ஐந்நூறு பெரிதா என்று கேட்டால் அது நின்றுவிடும். நின்றும்விட்டது. இப்திஹால் மீண்டும் கேட்கச் செய்தாள். 'தாராளமானது' என்று வந்தது. மறுபடி கேட்டாள். 'அல்லாஹ்வின் அருளால் குறைவொன்றுமில்லை' என்று வந்தது. குறைவொன்றுமில்லை என்றால் நிரம்பிவிட்டது என்று பொருளா, காலியாக இருக்கிறது என்று பொருளா என்பதை நானும் அவளும் மதிய உணவு ஆறிப்போகும்வரை விவாதித்தோம்.

பிறகு அவள் எங்கள் சேமிப்பிடத்தில் உள்ள கோப்புகளின் பட்டியலைத் திறந்தாள். மீதி எவ்வளவு என்றுதான் சொல்ல மாட்டார்களே தவிர, உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்க யாரும் தடை போடவில்லை. பார்த்தவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உஸ்தாத், இங்க வாங்க. இங்க கல்யாணத்தை விட லெட்டர்தான் அதிகமா இருக்கு."

விஷயம் இதுதான். ஒரு திருமணத்தின் கோப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் சின்னது. நாங்கள் படங்களைச் சுருக்கித்தான் அனுப்புகிறோம். ஆணையத்தின் கடிதமோ சுருக்கப்படுவதில்லை. கழுகின் ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் முத்திரை போலியென்று ஆகிவிடும் என்பதற்காக, கடிதத்தை உச்சபட்சத் துல்லியத்தில் வண்ணப் படமாக எடுக்கிறார்கள். ஒரு கடிதம் பல திருமணங்களின் எடை. அதற்கு மூன்று பிரதிகள்: ஒன்று நமக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று கோப்பில் பிரதி இருக்கிறது என்பதற்கு. மூன்றையும் எங்கள் சேமிப்பிடத்திலேயே வைக்கிறார்கள். எங்கள் நிரலோ, நான் கற்றுக்கொடுத்தபடி, ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒரு முறை கேட்கிறது. கல்யாண மண்டபத்தில் எத்தனை நாற்காலி காலி என்று பார்த்துவரப் போனவர், தன் சொந்தபந்தம் முழுவதையும் கூட்டிப்போய் உட்காரவைத்து மிச்சத்தை எண்ணுவது போல.

"கேட்கறதை நிறுத்திடலாமா?" என்றேன்.

"விதியைப் படிச்சுட்டேன். முன்கூட்டி வினவாத எந்தக் கோப்பையும் உள்ள விடமாட்டாங்களாம்."

"அப்போ கடிதங்களை அழிச்சுடு."

அவள் ஒரு கடிதத்தை அழித்தாள். உடனே 'அழிப்பு நடவடிக்கைக் குறிப்பு' என்று ஒன்று வந்தது. கடிதத்தைவிட நீளம். இரண்டு கழுகுகள். மூன்று பிரதிகள். அழித்த கடிதமும் எங்கும் போய்விடவில்லை, குப்பைக் கூடையில் கிடந்தது. குப்பைக் கூடையும் எங்கள் இடத்திலேயே கணக்கு.

இப்திஹால் தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். "இதுல ஹைதமோட அம்மா வேற போன் பண்ணினாங்க உஸ்தாத். கல்யாணப் பலகாரத்துக்கு மாவு பிசைய ஆள் சொல்லியாச்சாம். நான் அவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது? கழுகு இடத்தை அடைச்சுக்கிட்டிருக்குன்னா?"

புதன்கிழமை மறுபடியும் கெய்ரோ. இம்முறை தலைமை இயக்குநரையே பார்ப்பது என்று போனோம். டாக்டர் பஹ்ஜத்தின் அறையில் முதலில் கண்ணில் பட்டது, அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுவதும் இருந்த ஒரு திரை. நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மொத்தம், மீதி என்று இரண்டு எண்கள் பச்சை நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தன. நான் உயிரோடு இருக்கும்போதே இப்படியொரு காட்சியைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. உட்காரவும் மறந்துவிட்டேன்.

"டாக்டர்" என்றாள் இப்திஹால், "நாங்க கேட்ட நம்பர் உங்க தலைக்குப் பின்னாடியே இருக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அது விருந்தாளிகளுக்கும்மா. டெலிவிஷன்காரங்க வந்தா பின்னாடி வெறும் சுவரா இருந்தா நல்லாவா இருக்கும்? நல்லாப் பாருங்க, அதுல முத்திரை இருக்கா? இல்ல. முத்திரை இல்லாதது நம்பரே இல்ல. சுவர் அலங்காரம்."

"அதையே எங்க புரோகிராமுக்கும் அனுப்பிடலாமே. ஒரு வரி வேலை."

டாக்டர் பஹ்ஜத் கைகளைக் கோர்த்துக்கொண்டார். நல்ல மனிதர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"எஞ்சினியரம்மா, நீங்க சின்னப் பொண்ணு. நம்பரை மெஷினே குடுத்துடும், எனக்கும் தெரியும். ஆபத்தே அங்கதான் இருக்கு. மெஷின் நேரா குடுத்துட்டா, வினவல் வரவேற்பு, வினவல் பரிசீலனை, பதில் வரைவு, பதில் அலங்காரம், முத்திரை, முத்திரை மேற்பார்வைன்னு இந்தக் கட்டடத்துல இருக்கிற அத்தனை பேரும் எதுக்கு இருக்காங்கன்னு ஜனங்க கேப்பாங்க. நானே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. அதுக்கப்புறம் நான் கேக்கறதில்ல. நீங்களும் கேக்காதீங்க, வயித்துக்கு ஆகாது."

"ஆனா இடம் நிறைஞ்சுக்கிட்டு வருதே!"

"அதைச் சொல்லுங்க!" அவர் முகம் மலர்ந்தது. "இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் நிறைஞ்சதில்ல. மக்கள் எங்களை எவ்வளவு நம்பறாங்க பாருங்க."

"அதுல பாதிக்கு மேல உங்க ஆணையத்தோட கடிதங்கள்தான் டாக்டர்."

"அப்படியா?" ஒரு கணம் யோசித்தார். "அப்போ எங்களை நாங்களே நம்பறோம். அது இன்னும் பெரிய விஷயம் இல்லையா?"

அவர் தலைக்கு மேலே எங்கள் மாவட்டத்தின் மீதி இறங்கிக்கொண்டிருந்தது. தல்காவிலோ எங்கோ ஒரு மஃதூன் ஒரு திருமணத்தை ஏற்றுகிறார் போலும்: எண் ஒரு சிட்டிகை குறைந்தது, பிறகு பதில் கடிதம் வந்ததும் ஒரு பிடி குறைந்தது. இப்திஹால் உதடுகளை அசைத்துக் கணக்குப் போட்டாள்.

"நாளைக்கு மதியம் லுஹருக்குள்ள நிறைஞ்சுடும்" என்றாள். "என் கல்யாணம் அஸருக்கு."

"மப்ரூக்!" என்றார் டாக்டர் பஹ்ஜத் மனமார. "கூடுதல் இடம் வேணும்னா தாராளமா விண்ணப்பிக்கலாம். இருக்கிற இடம் நிறைஞ்சுடுச்சுன்னு சான்று வச்சுக் குடுங்க."

"அந்தச் சான்றைத்தானே மூணு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்!"

"கேளுங்க, கேட்டுக்கிட்டே இருங்க. கேக்கறவங்களை நாங்க என்னைக்கும் தடுத்ததில்ல."

வெளியே வந்தோம். மதாம் இன்ஆம் இன்று வெண்டைக்காய்க் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார். இப்திஹாலின் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன ஹபீப்தி, யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல மதாம். இந்தக் கட்டடத்துல இருந்து போன கடிதம் ஒண்ணாவது என்னைக்காவது அழிஞ்சிருக்கா?"

"ஏன் அழியாம? லெட்டர் யாருக்குப் போச்சோ அவங்க செத்துட்டா அவங்களோட அதுவும் போயிடும். செத்தவங்க கடுதாசியை வச்சுக்கிட்டு யாரு என்ன பண்றது?"

இப்திஹால் என் கையை இறுகப் பற்றினாள். அந்தப் பிடியில் எனக்கு விஷயம் புரிந்தது.

"மதாம்," என்றாள் மெதுவாக, "ஒரு புரோகிராம் செத்தா?"

"அப்பா வந்து எழுதிக் குடுக்கணும்."

"அதுகிட்ட இருக்கிற கல்யாணப் பதிவெல்லாம்?"

"அது சொத்து. வாரிசுக்குப் போகும். தம்பி தங்கச்சி இருக்கா?"

"இல்ல... பொறந்தா?"

"பொறந்தா அதுக்குப் போகும். புதுசா இடமும் ஒதுக்குவோம். ஒண்ணு மட்டும், ரெண்டு வயசு வரைக்கும் பால்குடிக் கணக்கு. கடிதப் போக்குவரத்து கிடையாது. அது எங்களைக் கேக்காது, நாங்களும் பதில் சொல்ல மாட்டோம். ஊட்டறதை வாங்கிக்கும், அவ்வளவுதான்." மதாம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏன், அதுக்கு ரொம்ப முடியலையா?"

"முடிஞ்சுடுச்சு மதாம்" என்றாள் இப்திஹால். கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது.

மதாம் படிவத்தை எடுத்தார். "மரணக் காரணம்?"

"கேள்வி கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

மதாம் தலையசைத்தபடி எழுதினார்: 'இயற்கை மரணம்.'

எங்கள் மக்கள் மரணத்துக்குக் குறை வைப்பதில்லை. செய்தி மேசை மேசையாகப் பரவியது. பதில் அலங்காரப் பிரிவினர் எழுந்து வந்தார்கள். யாரோ துக்கத்துக்கென்று சர்க்கரை போடாத காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். டாக்டர் பஹ்ஜத்தே அறையிலிருந்து வெளியே வந்து, தந்தை என்ற முறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கப்படி, "மீதி உங்க ஆயுசுல சேரட்டும்" என்றார். மீதியைப் பற்றி அந்தக் கட்டடத்தில் ஒருவர் எங்களிடம் நேரடியாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

காப்பிக் கோப்பைகளைக் கழுவுவதற்குள் பிறப்பைப் பதிவு செய்தோம். அதே நிரல்தான், ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அந்தக் கேள்வி வரியை மட்டும் எடுத்துவிட்டாள். பெயர் ஃபரஹ், பெண். அப்பா நான், அம்மா அவள். துக்கம் கேட்க வந்து இன்னும் கலையாமல் நின்றவர்களுக்கு நடுவே மதாம் இன்ஆம் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை இட்டார். திங்கட்கிழமை நான் கொடுத்ததில் மிச்சமிருந்த பஸ்பூஸாவை அவரே எல்லோருக்கும் பங்கிட்டார்.

இனி மீதி எவ்வளவு என்று எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. திரும்பும் ரயிலில் இப்திஹால் அதையும் எழுதி முடித்தாள். புது ஒதுக்கீட்டின் மொத்தம் எவ்வளவு என்பதைப் புறப்படும்முன் டாக்டர் பஹ்ஜத்தின் சுவர் அலங்காரத்தில் பார்த்துக்கொண்டாள். பானைக்குள் எட்டிப் பார்க்க விடாவிட்டால் ஊற்றுகிற குவளைகளை எண்ணிக்கொண்டே வரலாம் அல்லவா? ஒவ்வொரு கோப்பும் உள்ளே போகும்போது அதன் அளவை நிரல் தானே கூட்டிவைத்துக்கொள்ளும். மொத்தத்தில் அதைக் கழித்தால் மீதி. யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை, அவளும் என்னிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை லுஹர் வந்தது, போனது. மாவட்டமெங்கும் மஃதூன்கள் ஏற்றியதையெல்லாம் ஃபரஹ் வாய் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் எல்லோரும் அமர்ந்தோம். மஃதூன் ஷேக் மஹ்ரூஸ் கைக்கணினியைத் திறந்தார். ஒரு பக்கம் ஹைதம், புதுக் கோட்டில் வியர்த்துக்கொண்டு. எதிரே, பெண்ணின் பொறுப்பாளராக இப்திஹாலின் மாமா, அவர் பக்கத்தில் அவள். சாட்சிகளில் ஒருவன் நான். ஷேக் மாப்பிள்ளையின் அடையாள எண்ணைத் தட்டினார், சரி. மணமகளின் எண்ணைத் தட்டினார். தட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மகளே, இதுக்கு முன்னாடி உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கா?"

"இல்ல மவ்லானா."

"இதுல ரெண்டு குழந்தை காட்டுதே. ஒண்ணு நேத்து இறந்திருக்கு, ஆண்டவன் பொறுமை தரட்டும். இன்னொண்ணு நேத்தே பொறந்திருக்கு, பேரு ஃபரஹ், ஆண்டவன் பாதுகாக்கட்டும்."

ஹைதமின் அம்மா நெஞ்சில் கைவைத்த சத்தம் பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டது.

"தகப்பன் பேரு..." ஷேக் விரலால் திரையை மேலே தள்ளினார். "லுத்ஃபி அப்துல் பாரி." பிறகு சாட்சியின் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு சாட்சியைப் பார்த்தார்.

"அவரேதான் மவ்லானா" என்றது ஸனாவின் குரல். "எனக்கே திங்கக்கிழமைதான் தெரியும்."

நான் எழுந்து நின்றேன். விளக்கினால் யாருக்கும் புரியக்கூடிய விஷயம்தான் இது என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. "எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. ஒரு பாத்திரம் இருக்குன்னு வச்சுக்கோங்க. அதுல கரும்புச்சாறு ஊத்தறோம்—"

"உஸ்தாத், உக்காருங்க" என்றான் ஹைதம். அவன் இப்திஹாலை மட்டும் பார்த்தான். "ஒரே ஒரு விஷயம் சொல்லு. இந்த ஃபரஹ்ங்கற புள்ள இல்லேன்னா இன்னைக்கு நம்ம கல்யாணம் பதிவாகியிருக்குமா?"

"ஆகியிருக்காது. ஃபரஹ் எங்க புரோகிராம், அவ இல்லேன்னா லுஹரோட எல்லாம் மூடியிருக்கும்."

"அதுக்காகத்தான் பெத்தியா?"

"ஆமா."

"அப்போ எழுதுங்க மவ்லானா. புள்ளையை நான் பாத்துக்கறேன்."

ஷேக் மஹ்ரூஸ் திரையை உற்றுப் பார்த்தார். "எனக்கு ஆட்சேபம் இல்ல தம்பி. எங்க மாவட்டத்துல எத்தனை கல்யாணம் எழுதியிருக்கேன், ஒரு புரோகிராமுக்குத் தகப்பன் கேட்டு யாரும் வந்ததில்ல. மார்க்கத்துல இப்படியொரு கேள்வியே கிடையாது, மேகத்துலதான் இருக்கு. ஆனா இந்தப் பெட்டி விட மாட்டேங்குது. இத்தா முடிஞ்சுதான்னு கேக்குது, அதாவது முந்தின கல்யாணத்துக்கப்புறம் காத்திருக்க வேண்டிய நாள்." கொஞ்சம் யோசித்தார். அவர் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு அசைந்தது. "கர்ப்பமா இருந்தவங்களுக்கு இத்தா பிரசவத்தோட முடியும். பிரசவம் நேத்து. முடிஞ்சுதுன்னே போட்டுடறேன், அதுக்குத் திருப்தியா இருக்கட்டும்."

பெட்டிக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்ததாக, குழந்தையைப் பராமரிக்க மாப்பிள்ளை சம்மதமா என்று ஒரு கட்டம் வந்தது. ஹைதம் தன் பெருவிரலை அதில் அழுத்தினான். எஞ்சின் எண்ணெய் ஏறிய விரல் என்பதால் மூன்றாம் முறைதான் பிடித்தது. கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போயின. கடிதம் வரவில்லை, கழுகு வரவில்லை. குலவை எழுந்தது. எல்லாவற்றையும்விட ஓங்கிக் கேட்டது ஸனாவின் குலவைதான். வீட்டில் இனி பேச ஒரு விஷயம் கிடைத்த மகிழ்ச்சி அதில் இருந்தது.

சனிக்கிழமை கப்பல் புறப்பட்டது. பிறகு ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மன்ஸூராவிலிருந்து ஒரு வினவலும் வருவதில்லை என்றும், இது அங்குள்ள மக்களின் முழுத் திருப்தியைக் காட்டுகிறது என்றும் டாக்டர் பஹ்ஜத் அதில் பெருமைப்பட்டிருந்தார். பால்குடி நிரல்களின் நலனுக்கென்று ஒரு புதிய பிரிவும் தொடங்கினார்கள். மற்ற மாவட்டங்களில் நிரல்கள் இயற்கை மரணம் அடைவது அதிகரித்திருப்பதால் அதற்கு வேலை நிறைய.

ஹைதம் துறைமுகம் துறைமுகமாக இறங்கிப் போன் செய்வான். இப்திஹால் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள். ஆகவே நாங்களும் கேட்போம்.

"புள்ள எப்படி இருக்கா?"

"நல்லா சாப்பிடறா. போன வியாழக்கிழமை மட்டும் எத்தனை கல்யாணம் முழுங்கினா தெரியுமா?"

"எல்லாம் சரி, ரெண்டு வயசு ஆயிட்டா பேச ஆரம்பிச்சுடுவாளே. கேள்வி கேப்பா, லெட்டர் வரும். அப்போ என்ன பண்ணுவ?"

"அதுக்குள்ள ஒரு தம்பி பொறந்துடுவான்."

"புரோகிராமா, மனுஷனா?"

இப்திஹால் தட்டிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுச் சொன்னாள்: "உங்க கப்பல் எப்ப வருதுங்கறதைப் பொறுத்து."